அன்புச்செல்வன் சொல்லாமல் விட்ட நம்பர்

எங்க தெருவுல யார் உடம்புல எவ்வளவு சர்க்கரை ஓடுதுன்னு எதிர்வீட்டு அன்புச்செல்வனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில ரத்தம் பார்க்கிற லேப் வச்சிருக்கான். காலையில வெறும் வயித்தோட போய் விரலை நீட்டணும். சாயங்காலம் அவனே வீட்டுக்கு வர்ற வழியில, வண்டியை நிறுத்தாமலே நம்பரைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே போவான்.

"யோசேப்பண்ணே! கொழுப்பு ரொம்பக் கூடிருச்சு!"

மளிகைக்கடை யோசேப்பு பதறிப்போவார். "மெல்லச் சொல்லுப்பா. கடையில நெய் வாங்க நிக்கிறவங்க அப்படியே திரும்பிப் போறாங்க."

"நெய்யை விக்கிறதும் நீங்க, தின்கிறதும் நீங்க. நம்பர் பொய் சொல்லாதுண்ணே."

கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது அவனுக்கு. காசில்லாதவங்களுக்குச் சும்மாவே பார்த்துக் கொடுப்பான். ஆனா நம்பர்னு ஒண்ணு வந்துட்டா அதை வாய்க்குள்ள வச்சிருக்கத் தெரியாது.

அவன் ஏன் அப்படி ஆனான்னு முதல்ல சொல்லிர்றேன். இல்லேன்னா கேக்கிறவங்க அவனைக் கிறுக்கன்னு நினைச்சிருவாங்க. அவனுக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். காடுகரை உள்ள குடும்பம். அவன் பள்ளிக்கூடம் போற வயசுல, அப்பாவைச் சோளக்காட்டுல பாம்பு கடிச்சிருச்சு. சொந்தக்காரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்காம மந்திரிக்கிறவர்கிட்ட தூக்கிட்டுப் போனாங்க. அவர் வேப்பங்கொழையால தடவித் தடவி, "விஷம் இறங்கிருச்சு, முகத்துல தெளிவு தெரியுது பாருங்க"ன்னார். சுத்தி நின்னவங்களும் ஆமா தெரியுதுன்னாங்க. தெளிவு தெரிஞ்ச முகத்தோடயே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். பக்கத்துல நின்னு பார்த்த பிள்ளைக்கு, அதுக்கப்புறம் மனுஷங்க வாய் மேல நம்பிக்கை வருமா? மதுரையில போய் லேப் படிப்பு படிச்சான். மெஷின் சொன்னாத்தான் எதையும் நம்புவான். இதை நினைச்சா அவனைத் திட்ட எனக்கு மனசு வராது. இருந்தாலும் திட்டத்தான் போறேன்.

குரங்கணியில பொண்ணு பார்க்கப் போன இடத்துலயே கேட்டவன் அவன். "உங்க ரத்தம் என்ன வகை?"ன்னு கேட்டிருக்கான். தலை குனிஞ்சு நின்ன ராமுத்தாய், "சிவப்புதான்"னு சொன்னாளாம். அந்த நிமிஷமே இவதான் நமக்குப் பொண்டாட்டின்னு முடிவு பண்ணிட்டதா அவனே சொல்லுவான். அதுக்கு எந்த மெஷின்ல பார்த்தியோன்னு நான் கேட்டா மட்டும் பதில் வராது.

ராமுத்தாயோட அப்பா குரங்கணிக்கு மேல மலையில ஏலத்தோட்டம் போட்டவர். அவர் காலத்துக்கப்புறம் தோட்டம் அவ அண்ணன் மலைச்சாமி கைக்கு வந்துச்சு. தங்கச்சி பங்கு கேக்கலை. கேட்டு வாங்கிக்கோன்னு அண்ணனே சொல்லியும், "உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன"ன்னு எழுதிக் கொடுத்துட்டா. அன்னைக்கு மலைச்சாமி ஒரு வார்த்தை சொன்னார். "வருஷா வருஷம் முதல் எடுப்புல பறிக்கிற ஏலக்காய் உன் வீட்டுல இறங்கின பிறகுதான் கடைக்குப் போகும்." சொன்ன வார்த்தை தவறலை. ஆவணி பிறந்தா போதும், குரங்கணி ஜீப்புல பை வந்திரும். அதுல பாயசம் வச்சு, ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் கூப்பிட்டு இலை போடுவா ராமுத்தாய். பொறந்த வீடு இன்னும் அவளுக்கு இருக்குங்கிறதுக்கு அந்தப் பைதான் சாட்சி.

போன ஆவணியிலயும் பை வந்துச்சு. விருந்துக்கு இன்னும் நாள் இருந்துச்சு. ஏலக்காயில பூச்சிமருந்து நிக்குதுன்னு அன்புச்செல்வன் போன்ல எதையோ படிச்சிருக்கான். படிச்சவன் பேசாம இருப்பானா? பொண்டாட்டிகிட்ட சொல்லாம பையில இருந்து ரெண்டு கை அள்ளி, எங்கேயோ பெரிய ஊர் லேபுக்கு அனுப்பிட்டான்.

விருந்து அன்னைக்கு இலை போட்டாச்சு. மலைச்சாமி நடுவுல உக்கார்ந்திருக்கார். பக்கத்துல அவர் பொண்டாட்டி, ராசிங்காபுரத்துக்காரங்க, நான், யோசேப்பு வீட்டுக்காரங்க. பாயசம் ஊத்திக்கிட்டே வர்றா ராமுத்தாய். அன்புச்செல்வன் போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். பார்த்தான். அவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம். பரிச்சை பாஸானவன் மாதிரி எந்திரிச்சு நின்னு வாசிக்க ஆரம்பிச்சான். ரயில் ஸ்டேஷன் பேரு மாதிரி நீளநீளமா மருந்துப் பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். "இருக்க வேண்டியதை விடப் பல மடங்கு கூட இருக்கு. யாரும் பாயசத்தைத் தொடாதீங்க"ன்னான்.

குடும்பத்தையே காப்பாத்திட்டோம்னு நினைச்சான் அவன். அப்பாவுக்கு அன்னைக்கு எவனும் செய்யாததை இன்னைக்கு நாம செஞ்சோம்னு நினைச்சான். எனக்கு அது புரியாம இல்லை.

மலைச்சாமி இலையை மூடாம எந்திரிச்சார். கையைக் கழுவினார். "ஜீப்புக்கு நேரமாச்சு தாயி"ன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வெளியே போயிட்டார். அந்த நேரத்துக்கு குரங்கணிக்கு எந்த ஜீப்பும் கிடையாது. அங்க இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

அன்னைக்கிலிருந்து ராமுத்தாய் புருஷன்கிட்ட பேசலை.

சண்டை போட்டுட்டுப் பொறந்த வீட்டுக்குப் போகலை. சமைக்காம இருக்கலை. சோறு வேளைக்கு வந்துச்சு, சட்டை தேய்ச்சு வந்துச்சு. பேச்சு மட்டும் வரலை. சொல்ல வேண்டியது இருந்தா சுவத்தைப் பார்த்துச் சொல்லுவா. "சிலிண்டர் தீரப்போகுது"ன்னு சுவத்துக்குச் சொல்லுவா. இவன் சுவத்துக்குப் பக்கத்துல நின்னு, "சரி, புக் பண்றேன்"னுவான். சுவரு அவளுக்குப் பதில் சொல்லாது, அவளும் அவனைப் பார்க்கமாட்டா.

இதுல வேடிக்கை என்னன்னா, அவனுக்குக் காரணம் தெரியலை. தெருவுல ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் தெரிஞ்ச காரணம் அவனுக்குத் தெரியலை. நானே போய்ச் சொன்னேன்.

"அப்பு, உன் மச்சான் இலையை விட்டு எந்திரிச்சாருல்ல, அதுதான்."

"அவரு ஜீப்புக்கு நேரமாச்சுன்னு போனாரு ஆத்தா."

"அந்த நேரத்துக்கு ஏதுடா ஜீப்பு?"

"சரி, கோபம்னே வச்சுக்குவோம். நான் அவரைத் திட்டுனேனா? ஒரு வார்த்தை கூடக் குறையாச் சொன்னேனா? லேப் சொன்னதை வாசிச்சேன். நம்பர் மேல யாராச்சும் கோபப்படுவாங்களா? அப்படியே கோபம்னாலும் அவருக்குத்தானே வரணும், இவளுக்கு எதுக்கு வருது? கோவிச்சவரு ஒருத்தர், பேசாதவ ஒருத்தி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் சொல்லு."

பொண்டாட்டி அண்ணனுக்கும் பொண்டாட்டிக்கும் என்ன சம்பந்தம்னு ஆதாரம் கேக்கிறவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

உடம்புல ஏதோ கோளாறுன்னு முடிவு கட்டிட்டான். முதல்ல அவன் லேபுலயே தைராய்டு பார்த்தான். சரியா இருந்துச்சு. தேனிக்குக் கூட்டிட்டுப் போய்க் காது பார்த்தான். ஊசி விழுந்தாலும் கேக்குதுன்னுட்டாங்க. தொண்டையில ஏதும் இருக்குமோன்னு ஒரு சந்தேகம். கோயம்புத்தூர்ல நர்சு படிக்கிற மக பவதாரணிக்குப் போன் போட்டு, "உங்க அம்மாகூட பேசு"ன்னு கொடுத்துட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கான். அவ மககிட்ட கலகலன்னு பேசியிருக்கா. "குரல் நல்லா இருக்கு ஆத்தா"ன்னு என்கிட்ட வந்து சொன்னான். சொல்லும்போது அவன் குரல்தான் நல்லா இல்லை. அதுக்கப்புறம் தினமும் மகளுக்குப் போன் போட ஆரம்பிச்சான். சோதனைன்னுதான் சொன்னான். பொண்டாட்டி குரலைக் கேக்கிறதுக்குன்னு எனக்குத் தெரியும்.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்தான். எல்லாம் சுத்தம். கடைசியா மனசு பார்க்கிற டாக்டர். அவர் ராமுத்தாய்கிட்ட நிறையக் கேள்வி கேட்டிருக்கார். தூக்கம் வருதா, பசிக்குதா, அழுகை வருதான்னு. இவளும் மரியாதையா எல்லாத்துக்கும் பதில் சொல்லி, டாக்டர் பொண்டாட்டிக்கு ஊறுகாய் போடற பக்குவம் வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கா. டாக்டர் வெளியே வந்து மாத்திரை எழுதினாராம். சீட்டை வாங்கிப் பார்த்தா அன்புச்செல்வன்னு பேர் போட்டிருக்கு. தப்பா எழுதிட்டீங்கன்னு இவன் சொல்லியிருக்கான். "சரியாத்தான் எழுதியிருக்கேன், ராத்திரியில ஒண்ணு போட்டுக்குங்க"ன்னாராம் அவர்.

போட்டும் பார்த்தான் பாவி. தூக்கம் வந்துச்சு, பேச்சு வரலை.

இப்படியே பொங்கலும் வந்துச்சு. பொங்கலுக்கு வந்த மக, அப்பாவும் அம்மாவும் சுவத்தோட பேசுறதைப் பார்த்துட்டு, அப்பாவை வாசல்ல வச்சுப் பிடிச்சா. நான் எங்க வீட்டுப் படியில நெல்லிக்காய் நறுக்கிட்டு இருந்தேன். காது தன்னால கேட்டுச்சு.

"மாமாவைப் போய்ப் பாருங்கப்பா."

"பார்த்து என்ன சொல்ல? மன்னிப்புக் கேக்கச் சொல்றியா? எதுல தப்புன்னு சொல்லு, திருத்திக்கிறேன். அந்த ரிப்போர்ட்டு தப்பா?"

"ரிப்போர்ட்டு சரிதான்பா."

"அப்ப?"

அந்தப் பிள்ளை தலையில கை வச்சு வாசப்படியில உக்கார்ந்தா. அப்புறம் அவனுக்குப் புரியற பாஷையில சொன்னா. "குரங்கணியில இலவசமா சர்க்கரை முகாம் போடுங்க. மாமா வருவாரு. ஆனா ஒண்ணு. யாரு நம்பரையும் கூட்டத்துல கூவாதீங்க. அது அவங்க அந்தரங்கம். எங்க காலேஜ்ல அதைத்தான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அப்படி ஒரு பாடம் எங்களுக்கு இல்லையே"ன்னான் அவன், நிசமாவே ஆச்சரியமா.

முகாம் போட்டான். அங்க நடந்ததை ஜீப்பு ஓட்டுற பிரின்ஸ் எனக்குச் சொன்னான். டீக்கடைக்கு முன்னாடி மேசையைப் போட்டு உக்கார்ந்திருக்கான் அன்புச்செல்வன். தோட்டத்துக்குப் போற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. மக சொன்னது காத்தோட போச்சு. பழக்கம் விடுமா? "ஜோசுவா, பரவாயில்ல, நூத்திப்பத்து! சுப்புத்தாய், ஏத்தா, உனக்கு எகிறிக் கிடக்கு, டீக்கு எத்தனை கரண்டி போடுற?"ன்னு வழக்கம்போலக் கூவிக்கிட்டே இருக்கான். ஜனங்களும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறாங்க.

மலைச்சாமி வந்தார். மேசைக்கு முன்னாடி நின்னு விரலை நீட்டினார்.

"குத்துங்க மாப்ளே. உங்க குத்து நமக்குப் பழக்கம்தானே."

இவன் குத்தினான். மெஷின்ல நம்பர் வந்துச்சு. கூவுறதுக்கு வாயைத் திறந்துட்டான். அப்பத்தான் மக சொன்னது ஞாபகம் வந்துச்சு. வாயை மூடினான். மெஷினைக் கவுத்து வச்சான். மச்சான் தோள்ல மெதுவா ஒரு கையை வச்சு, "சாப்பிட்டீங்களா மச்சான்? நீங்க போங்க, அப்புறமா வந்து தனியாச் சொல்றேன்"ன்னான்.

பிறந்ததுல இருந்து முதல் தடவையா அன்புச்செல்வன் பதவிசா நடந்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

வரிசையே அமைதியாயிருச்சுன்னான் பிரின்ஸ். ஊருக்கே நம்பர் கூவுறவன் ஒரு நம்பரை விழுங்கிட்டான்னா, அது எப்பேர்ப்பட்ட நம்பரா இருக்கணும்? தோள்ல வேற கையை வச்சான். சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டான். சுப்புத்தாய் வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சிருக்கா. டீக்கடைக்காரர் மலைச்சாமிகிட்ட டீக்குக் காசு வாங்கலை. அதைப் பார்த்ததும்தான் மலைச்சாமிக்கு நிச்சயமாயிருச்சு, நம்ம கதை முடிஞ்சதுன்னு. கடைக்காரர் அப்படிச் சும்மா டீ கொடுக்கிற ஆளில்லை.

அன்புச்செல்வன் மேசையை மடக்கிட்டு, வழியில ஒரு தோட்டத்துல ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததுன்னு வண்டியில போயிட்டான். அவன் போடி வந்து சேரறதுக்குள்ள, மலைச்சாமியும் பொண்டாட்டியும் பிரின்ஸோட ஜீப்புல இங்க வந்து இறங்கிட்டாங்க. கடைசியா ஒரு தடவை தங்கச்சி முகத்தைப் பார்த்துரணும்னு வந்திருக்கார் மனுஷன்.

விளக்கு வைக்கிற நேரம். எதிர்வீட்டுல அழுகைச் சத்தம் கேட்டா உள்ள உக்கார்ந்திருக்கிற ஆள் நான் இல்லை. போனேன். ராமுத்தாய் அண்ணன் காலடியில உக்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கா. மலைச்சாமி பொண்டாட்டி மூக்கைச் சிந்துறா. பிரின்ஸ் சாவியைச் சுழட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். அந்த நேரம் பார்த்து, ரத்தப் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு உள்ள நுழையறான் அன்புச்செல்வன்.

ராமுத்தாய் எந்திரிச்சா. சுவத்தைப் பார்க்கலை. நேரா அவன் மூஞ்சியைப் பார்த்தா.

"என் அண்ணனுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? என்ன நம்பருன்னு சொல்லித் தொலைங்க!"

அந்தக் கிறுக்கன் நம்பரைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. வாயெல்லாம் பல்லா நின்னான். கண்ணுல தண்ணி. "நீ பேசிட்டே"ன்னான்.

"ஐயோ, என் அண்ணன் சாகக் கிடக்காரு, இந்த மனுஷன் சிரிக்கிறாரே! ஆத்தா, நீங்களே கேளுங்க இதை!"

"விடு தாயி"ன்னார் மலைச்சாமி. "அவரால சொல்ல முடியலை. விடு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிர்றேன், அப்புறம் நேரம் இருக்குமோ இருக்காதோ." அவனைப் பார்த்துத் திரும்பினார். "மாப்ளே, அன்னைக்கு நீங்க வாசிச்சீங்களே, அது அம்புட்டும் நிசம். மருந்து அடிச்சோம். அடிக்காம விட்டா பூச்சி அரிச்சுக் காயில சொறி விழுந்துரும், வியாபாரி கையால தொடமாட்டான். தங்கச்சிக்குக் கொண்டுபோற காயிலயும் அதுதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். கழுவிக் காயவச்சா போயிரும்னு நானா சொல்லிக்கிட்டேன். நீங்க பொய் சொல்லியிருந்தீங்கன்னா நான் ஏன் எந்திரிக்கப் போறேன்? சிரிச்சுக்கிட்டே ரெண்டு டம்ளர் பாயசம் குடிச்சிருப்பேன். நிசமா இருக்கப் போய்த்தான் எந்திரிச்சேன்."

அன்புச்செல்வன் முகத்துல இருந்த சிரிப்பு போச்சு. பெட்டியைத் தோள்ல இருந்து இறக்கவும் மறந்து நின்னான். பொய் சொன்னாத்தான் மனுஷனுக்கு வலிக்கும்னு அவன் இத்தனை வருஷமா நினைச்சிருந்தான் போல. அவன் அப்பா விஷயத்துல அப்படித்தானே நடந்துச்சு.

அப்புறம் பெட்டியை இறக்கி வச்சுட்டு, "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணுமோ மச்சான்?"ன்னான். சந்தேகமாத்தான் கேட்டான். ஆனாலும் கேட்டான்.

"இன்னைக்குத் தனியாச் சொல்றேன்னீங்களே மாப்ளே, அதுலதான் பாதி உசுரு போச்சு எனக்கு."

"அது சர்க்கரை மச்சான். முன்னூறைத் தொட்டிருக்கு. அவ்வளவுதான். மாத்திரை போட்டா இறங்கிரும்."

நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன். "இம்புட்டுத்தானா? எனக்கு அதை விடக் கூடடா. தெருவுக்கே தெரியும், இவன்தானே கூவினான்!"

மலைச்சாமி பொண்டாட்டி அழுத வாயோட சிரிச்சுட்டா. பிரின்ஸ், "இதுக்கா லோடை இறக்கிட்டு வந்தேன்"னு தலையில அடிச்சுக்கிட்டான். அப்புறம் ராமுத்தாய் ஆரம்பிச்சா பாருங்க. ஆவணியில இருந்து சேர்த்து வச்சது அத்தனையும். காயைச் சொல்லாம அள்ளினது, காது டாக்டர், தலை ஸ்கேன், கதவுக்குப் பின்னாடி நின்னது எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சா. அவன் கச்சேரி கேக்கிறவன் மாதிரி உக்கார்ந்து கேட்டான்.

மலைச்சாமிக்கு இலை போட்டா. இட்லி வச்சா. நாலாவது இட்லிக்கு அவர் சரின்னு தலையாட்டும்போது அன்புச்செல்வன் தொண்டையைச் செருமினான். ராமுத்தாய் ஒரு பார்வை பார்த்தா. அவன் கூரையைப் பார்த்துக்கிட்டான்.

தோட்டத்துல மருந்து அடிக்கிறது நின்னுருச்சான்னு கேட்டா, நிக்கலை. மருந்தைக் குறைக்க என்ன வழின்னு மச்சானும் மாப்பிள்ளையும் போன்ல பேசிக்கிறாங்க. சண்டையும் போட்டுக்கிறாங்க. அந்த நம்பர் அன்னைக்கும் தப்பில்லை, இன்னைக்கும் தப்பில்லை. நான் அதை மறுக்கலை.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில என் விரலைக் குத்த வந்தவன் மெதுவாக் கேட்டான். "ஆத்தா, அன்னைக்கு அவ பேசுனதுக்கு எது காரணம்? நான் நம்பரைச் சொல்லாம விட்டதா, மச்சான் வீட்டுக்கு வந்ததா, இல்ல அவருக்கு ஏதோ ஆகப்போகுதுங்கிற பயமா? மூணும் ஒரே நேரத்துல நடந்துபோச்சு. பிரிச்சுப் பார்க்க முடியலை. ஒருவேளை அந்த மாத்திரை லேட்டா வேலை செஞ்சிருக்குமோ?"

"மாத்திரையை நீதானேடா முழுங்கினே?"

"அதுவும் ஒரு கணக்குதானே. ஒரே ஒரு தடவை நடந்ததை வச்சு முடிவு சொல்ல முடியாது. திரும்பச் செஞ்சு பார்க்கணும்."

"பாரேன். ராமுத்தாய்கிட்ட போய், 'இன்னும் ஆறு மாசம் பேசாம இரு, ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிறேன்'னு கேளு."

அவன் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு, முடியுமான்னு நிசமாவே யோசிச்சான். நான் விரலை இழுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.